கஜானி நிற்கும் நாள்

கஜானி பொலிசில் சேருவதற்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தவன் நான். அவளுடைய வேலை பறிபோன விசாரணை அன்று அவளுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தவனும் நான்தான். இரண்டுக்கும் இடையில் பதினொரு வருடம். அந்த வேலை எப்படிப் போனது என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான் முப்பத்திரண்டு வருடம் கிராம சேவையாளராக இருந்தவன். அரசாங்கம் பதவிக்கு எந்தப் பெயரை மாற்றி மாற்றி வைத்தாலும் தீவுப் பகுதிச் சனத்துக்கு நான் விதானையார். சரவணையில் ஆழ்வாப்பிள்ளைக்கும் இராசேஸ்வரிக்கும் மூத்தவள் கஜானி. ஆழ்வாப்பிள்ளை புகையிலையும் வெங்காயமும் செய்து ஓரளவு நன்றாக இருந்த மனிதர். ஒரு நாள் தோட்டத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் விளங்கவில்லை. அப்போது கஜானிக்கு வயது இருபத்தொன்று, தம்பி லவன் ஆறாம் வகுப்பு. தமிழ்ப் பெண்கள் பொலிசுக்குத் தேவை என்று பத்திரிகையில் வந்த விளம்பரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு என் கந்தோருக்கு வந்தாள்.

"பிள்ளை, வடிவா யோசிச்சனீரோ?" என்று கேட்டேன்.

"யோசிச்சனான் விதானையார். மாதம் முடியச் சம்பளம் வரும்தானே. அப்பாவின்ரை மருந்தும் மாதம் முடியத்தானே முடியுது."

அதற்கு மேல் நான் என்னத்தைக் கேட்பது? எழுதிக் கொடுத்தேன். ஊர் என்னையும் சேர்த்துத் திட்டியது. அந்த உடுப்பைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவர்கள் எங்கள் பக்கம் அப்போது நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அப்படித் திருப்பிய முகங்களில் ஒன்றாவது ஆழ்வாப்பிள்ளைக்கு ஒரு நாள் மருந்து வாங்கிக் கொடுத்ததாக நான் அறியவில்லை.

பயிற்சி முடிந்து, தெற்கில் மூன்று நான்கு இடங்களில் அலைந்து, கடைசியில் எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கே மாற்றம் கிடைத்து வந்தாள். வந்ததும் இராசேஸ்வரி கல்யாணம் பேசத் தொடங்கினா. தரகர் தில்லைநாதன் நாலு இடத்தில் கேட்டுவிட்டு வந்து கையை விரித்தார். "பிள்ளையின்ரை வடிவுக்கும் குணத்துக்கும் என்ன குறை? பொலிஸ் எண்ட உடனை போனை வைச்சிடுறாங்கள் தங்கச்சி!" என்றார். கஜானி குசினிக்குள் இருந்து, "விலங்கோட வந்து மாப்பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவனெண்டு பயமாக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு அந்தப் பேச்சு மெல்ல மெல்ல நின்றுபோனது.

நிலையத்தில் இருக்க வேண்டிய ஆட்களில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். யாழ்ப்பாணம் பெருத்துக்கொண்டிருந்த காலம். ஹோட்டல், மாடிக் கடை, புதிதாய் வாகனம் எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே வீதியில். அங்கே ஆள் காணாது என்றால் எங்கள் நிலையத்திலிருந்து இரண்டு பேரைப் பிடுங்குவார்கள். "இரண்டு கிழமைக்குத்தான்" என்று போனவர்கள் அடுத்த வருடம் வந்து தங்கள் சாரத்தையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு போவார்கள். புதிதாகச் சேரத்தான் யார் வருகிறார்கள்? அந்தச் சம்பளத்துக்குப் பகலும் இரவும் நிற்பதை விட, கடன் பட்டென்றாலும் வெளிநாடு போகலாம் என்றுதான் எங்கள் பெடியன்கள் கணக்குப் போட்டார்கள். கஜானியோடு பயிற்சி எடுத்த இரண்டு பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள். கஜானி போகவில்லை. போயிருந்தால் தகப்பனைத் தூக்கி இருத்த வீட்டில் ஆள் இல்லை. லவனும் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருந்தான். வீட்டில் நாலு வாய், ஒரு சம்பளம்.

அந்த நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சாரதி ஒருவர் தமிழ் கதைப்பார், எழுத வராது. கஜானி வருவதற்கு முன் எங்கள் சனம் தமிழில் சொல்லும், அவர்கள் சிங்களத்தில் எழுதுவார்கள், இவர்கள் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். என்னத்துக்குக் கையெழுத்துப் போட்டோம் என்று வழக்குக்குப் போன பிறகுதான் தெரியவரும். கஜானி தமிழில் எழுதினாள். எழுதியதை உரத்து வாசித்துக் காட்டினாள். "இப்பிடித்தானே அம்மா சொன்னனீங்கள்?" என்று ஒவ்வொரு பந்திக்கும் கேட்பாள். அது கிடைத்துப் பழகிய சனம் வேறு ஒருவரிடமும் வாய் திறக்க மறுத்தது. நிலையத்துக்குப் போய், "பிள்ளை நிக்கிறாவோ?" என்று கேட்கும், இல்லையென்றால் திரும்பி வந்துவிடும். அவளோ ஒரு நாள் நீதிமன்றம், ஒரு நாள் நகரம், ஒரு நாள் நயினாதீவுத் திருவிழாக் கடமை. பஸ்சுக்குக் காசு கொடுத்து வந்தவர்கள் வெயிலில் திரும்பிப் போவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

அதனால் ஓர் அட்டை செய்தாள். பிஸ்கற் பெட்டியை வெட்டி, ஒரு பக்கம் பச்சை மையில் 'இன்று கஜானி நிற்கிறார்' என்றும் மறுபக்கம் சிவப்பு மையில் 'இன்று கஜானி இல்லை' என்றும் எழுதினாள். பொறுப்பதிகாரி அதை நிலையத்தில் தொங்கவிட விடவில்லை. "இது பொலிஸ், பல் டொக்டரின் கடை இல்லை" என்றாராம். சந்தியில் பஸ் இறங்குகிறவர்கள் என் கந்தோரைத் தாண்டித்தான் நிலையத்துக்குப் போகவேண்டும். என் யன்னல் கம்பியில் கொழுவினோம். கடமை மாறினால் அவள் எனக்குப் போன் எடுப்பாள், நான் திருப்பிவிடுவேன். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் சனத்துக்குப் பொலிஸ் வேண்டும், பொலிசின் புத்தகம் வேண்டாம். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில், இன்னொருவர் போகக் காத்துக்கொண்டு இருப்பார். போகிறவருக்குப் பொலிஸ் றிப்போட் வேண்டும். முறைப்பாட்டுப் புத்தகத்தில் பெயர் ஏறினால் பயணம் தடைப்படும் என்று பயம். அதனால் வந்து, "எழுதாதை பிள்ளை, ஒருக்கா வந்து வெருட்டிவிடு" என்பார்கள். முதலில் அவள் மறுத்தாள். பிறகு இணங்கினாள். ஒன்றை எழுதினால் அதன் பின்னால் மூன்று நாள் ஓட ஆள் வேண்டும், அந்த ஆள் அவளேதான். எழுதாமல் போய் வெருட்டினால் அரை மணித்தியாலம். கடமை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் உடுப்போடு சைக்கிளைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவாள். அது பிழை. பிழை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு குடும்பத்தில் அடி நின்றதும் எனக்குத் தெரியும்.

பார்வதிப்பிள்ளையும் அப்படித்தான் வந்தா. புளியங்கூடலில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. புருசன் இல்லை. மூத்தவள் நிலுஜா பிரான்சில். மகன் அனோஜனுக்கு இருபத்திமூன்று வயது. நல்ல பெடியன், என் கந்தோர்க் கூரைக்கு ஓடு மாற்றித் தந்தவன். பிறகு ஐஸ் என்கிற அந்தப் போதைச் சனியன் அவனைப் பிடித்தது. காசு கேட்டுத் தாயை அடிக்கத் தொடங்கினான். மனிசி கஜானியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

"எழுதிப் போடாதை பிள்ளை. அவன்ரை அக்கா பிரான்சுக்குக் கூப்பிட அலுவல் பாக்கிறாள். அங்கை போனால் திருந்திடுவான்."

"அம்மா, இது வெருட்டித் தீருற வருத்தம் இல்லை. எழுதினால்தான் மறுவாழ்வுக்கு அனுப்பலாம்."

"ஒருக்கா மட்டும் வந்து பேசு. உன்ரை உடுப்புக்குப் பயப்பிடுவான்."

போனாள். ஒரு மாதம் அடங்கி இருந்தான். மனிசி திரும்பவும் வந்தா, கஜானி திரும்பவும் போனாள். அந்த இரண்டாம் முறை கஜானி அவவிடம், "அடுத்த முறை நான் எழுதத்தான் போறன் அம்மா. சொல்லிப்போட்டன்" என்றாள். மனிசி தலையாட்டினா. கஜானி இல்லாத நாளில் அவன் தொடங்கினால் அவவுக்கு வேறொரு வழி இருந்தது. சந்திக்கு வருவா, என் யன்னலில் சிவப்பைக் கண்டால் அப்படியே நாலு மணி பஸ்சில் ஏறி வேலணையில் இருக்கும் தமக்கை இலட்சுமிப்பிள்ளை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் நின்றுவிட்டு, அவன் தெளிந்த பிறகு வருவா.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் நான் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு வரிசையில் நின்றேன். அடுத்த நாள் நயினாதீவு அம்மனுக்குத் தேர். லீவு போட்டிருந்தேன். கஜானி போன் எடுத்தாள்.

"விதானையார், நாளையிலையிருந்து ரெண்டு கிழமைக்கு என்னை ரவுணுக்கு எடுத்திட்டினம். அட்டையைத் திருப்பி விடுங்கோ."

"ஓம் ஓம், திருப்பிவிடுறன். நீர் யோசியாமல் போம்."

காற்று இரைச்சல் இருந்தது, ஆனால் அவள் சொன்னது எனக்கு வடிவாகக் கேட்டது. கந்தோரைக் கூட்டுகிற இளையதம்பிக்கு ஒரு போன் எடுத்துச் சொன்னால் முடிந்தது. படகு வந்தது. ஏறினேன். அதோடு அது என் நினைவை விட்டுப் போய்விட்டது. அடுத்த நாள் தேர் பார்த்தேன், அன்னதான மடத்தில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பாயசம் திறமாக இருந்தது என்றுகூட நினைவு இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பார்வதிப்பிள்ளை சந்தியில் இறங்கினா. யன்னலில் பச்சை. நிலையத்துக்குப் போய் வாசல் வாங்கில் இருந்தா. சார்ஜன் ஜயதிஸ்ஸ நல்ல மனிதர். தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, கஜானி ரவுண் போனது. என்ன பிரச்சினை? நான் எழுதவா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லை ராசா. பிள்ளை நிக்கிறா எண்டு போட்டிருக்கு. வரட்டும்."

அவர் வந்து என் யன்னலைப் பார்த்தார். பச்சைதான். காலையில் போனவள் பின்னேரம் திரும்புவாள் போலும் என்று அவரும் நினைத்தார். ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். நிலையத்தில் அன்று மூன்று பேர், மற்ற எல்லோரும் தேருக்கும் நகரத்துக்கும் போயிருந்தார்கள். அவருக்கு ஆயிரம் வேலை. வேலணைக்குப் போகும் கடைசி நாலு மணி பஸ்சும் போனது. பார்வதிப்பிள்ளை ஐந்தரை வரை இருந்தா. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புளியங்கூடலுக்கு நடந்தே போனா.

செவ்வாய் இரவே நான் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். புதன் விடிய எனக்குச் செய்தி வந்தது. அவன் காசு கேட்டிருக்கிறான், இல்லை என்றிருக்கிறா, தள்ளியிருக்கிறான். குசினிப் படியில் தலை அடிபட்டிருக்கிறது. நான் போனபோது அனோஜன் கிணற்றுக் கட்டில் இருந்தான். ஓடவில்லை. "அம்மாவை எழுப்புங்கோ விதானையார்" என்று என்னைக் கேட்டான்.

நான் போனபோது என்று எழுதினேன். நேராகப் போகவில்லை. செய்தி கேட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் கந்தோருக்குப் போனேன். அட்டையைச் சிவப்புக்குத் திருப்பினேன். அதன்பிறகுதான் செத்த வீட்டுக்குப் போனேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, நடந்தது இதுதான்.

விசாரணைக்கு நகரத்திலிருந்து ஒரு மேலதிகாரி வந்தார். கஜானியையும் கூப்பிட்டிருந்தார்கள், என்னைச் சாட்சிக்கு. உள்ளே கூப்பிடும் வரை இரண்டு பேரும் அதே வாசல் வாங்கில் இருந்தோம். ஜயதிஸ்ஸ சார்ஜன் வெளியே வந்து அவளிடம் மெல்லச் சொன்னார். புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை, முன்னர் முறைப்பாடு வரவில்லை என்று சொல், உன்னை ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவர் சொன்னது உண்மை. ஒரு சொல்லில் அவள் தப்பியிருக்கலாம். சார்ஜன் உள்ளே போனதும் நானும் சொன்னேன்.

"அவர் சொல்லுறதுதான் சரி பிள்ளை. அப்பாவை யோசியும். லவன் இன்னும் படிச்சு முடிக்கேல்லை."

கஜானி தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு இருந்தாள். "நான் இல்லையெண்டு சொன்னால், அந்த அம்மா ஒருநாளும் இஞ்சை வரேல்லை எண்டு ஆயிடும் விதானையார். அவ வந்தவ. ரெண்டு தரம் வந்து அழுதவ. மூண்டாம் தரமும் வந்து நாள் முழுக்க இருந்தவ. அதை எப்பிடி இல்லையெண்டுறது?"

விசாரணை சிங்களத்தில் நடந்தது. முப்பது வருடக் கந்தோர் வாழ்க்கையில் எனக்கும் அந்தளவு சிங்களம் பிடிபட்டிருந்தது. முன்னர் முறைப்பாடு ஏதாவது வந்ததா என்று அதிகாரி கேட்டார். இரண்டு முறை வந்தது, நான் எழுதவில்லை என்றாள். ஏன் எழுதவில்லை? தாய் கேட்டுக்கொண்டார், எனக்கு நேரமும் இருக்கவில்லை, ஆனால் எழுதியிருக்க வேண்டும் என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு அட்டையைப் பற்றிக் கேட்டார். சார்ஜனின் வாக்குமூலத்தில் அது இருந்தது.

"அட்டையை மாற்றுவது யாருடைய வேலை?"

"என்னுடையது சேர்."

"அன்றைக்கு ஏன் மாற்றவில்லை?"

"மறந்துபோனேன் சேர்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். "கிராம சேவையாளர், அப்படித்தானா?" என்று கேட்டார்.

எனக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. கடமை தவறியவன் என்று ஒரு விசாரணை தொடங்கினால் ஓய்வூதியம் எத்தனை வருடம் இழுபடும் என்று எனக்குத் தெரியும், அப்படி இழுபட்டுச் செத்தவர்களின் கடிதக் கோவைகளை நானே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்லும் காரணம். அந்த நேரம் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

"ஓம்" என்றேன்.

வெளியே வந்ததும் "பிள்ளை" என்று தொடங்கினேன்.

"விடுங்கோ விதானையார். என்ரை எப்பிடியும் போகப்போகுது. ரெண்டு பேற்றை வேலை ஏன் போகவேணும்?" என்றாள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு சரவணைப் பக்கம் போனாள். பொலிஸ் உடுப்போடு நான் அவளைக் கண்டது அதுதான் கடைசி.

பணி இடைநிறுத்தம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு நீக்கம் என்று கடிதம் வந்தது. லவன் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். ஆழ்வாப்பிள்ளை அந்த மாரியில் செத்துப்போனார். அனோஜன் விளக்கமறியலில். நிலுஜா தாயின் செத்தவீட்டைப் பிரான்சிலிருந்து போனில் பார்த்தாள். கஜானியின் இடத்துக்கு இன்றுவரை ஒருவரும் வரவில்லை. இப்போதும் சனம் அந்த வாங்கில் போய் இருந்து, "தமிழ் எழுதிற ஆள் நிக்கிறாரோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது.

போன மாதம் யாழ்ப்பாணத்தில் புதிதாகத் திறந்த மாடிக் கடை ஒன்றுக்குப் போனேன். வாசலில் நீலச் சட்டை போட்ட காவலாளி என் பையை வாங்கக் கை நீட்டினாள். கஜானி. மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்க எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"விதானையார்! சுகமா இருக்கிறியளோ?"

"இருக்கிறன் பிள்ளை. இஞ்சை எப்பிடி?"

"பரவாயில்லை. பொலிசிலை வந்த சம்பளத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நாள் முழுக்க நிக்கிறதுதான் கால் உளையுது." சிரித்தாள். பையை மேசையில் வைத்து, எனக்கு இலக்கத் தகடு ஒன்றைத் தந்தாள். "அந்த அட்டையைக் கழட்டிப் போட்டியளோ? ஆரும் பாத்திட்டுப் போய் இருந்திடுவினம்."

"கழட்டிப்போட்டன்."

"உங்களுக்குப் பென்சன் சரிவந்திட்டுதோ?"

"வந்திட்டுது."

"நல்லம் விதானையார். மாதம் முடிய வந்தால் ஒரு நிம்மதிதானே."

குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அது வராது. எனக்குப் பின்னால் நின்ற பெண்ணின் பையை வாங்கத் திரும்பிவிட்டாள். நான் ஒன்றும் வாங்காமல் தகட்டைக் கொடுத்து, பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கடதாசி எடுத்து அந்த மேலதிகாரிக்கு எழுதத் தொடங்கினேன். 'அட்டையைத் திருப்பும்படி திங்கட்கிழமை மாலை கஜானி எனக்குச் சொன்னார்' என்று முதல் வரி எழுதினேன். அந்தக் கடதாசி அட்டையோடு சேர்ந்து என் அலுமாரிக்குள் கிடக்கிறது. இரண்டாவது வரி இன்னும் எழுதவில்லை. நேற்று இந்த மாதத்துப் பென்சன் வந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.